பத்து நிமிடத்தில் பழுக்காது வெங்காயம்!

கேள்வி: வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கித் தயிரில் கலந்தும், ஆனியன் டிப் நீர்த்துப்போய்ச் சப்பென்று இருக்கிறதே, ஏன்?

பதில்: பொன்னிறம் குருமாவுக்குப் போதும், டிப்புக்குப் போதாது. வெங்காயத்தில் ஏறக்குறைய 89 சதவீதம் தண்ணீர். அது வற்றிய பிறகுதான் உள்ளே இருக்கும் சர்க்கரை தன் வேலையைக் காட்டும். சிறுதீயில் முக்கால் மணி நேரமாவது ஆகும். ‘பத்தே நிமிடம்’ என்று அளந்துவிடும் சமையல் குறிப்புகளை, 2012-இல் ஸ்லேட் இதழில் டாம் ஸ்கோக்கா வெளுத்து வாங்கினார்.

இத்தனைக்கும் இந்த டிப் பிறந்தபோது அடுப்பே தேவைப்படவில்லை. 1954-இல் லாஸ் ஏஞ்சலிஸில் பெயர் தெரியாத ஒருவர், லிப்டன் வெங்காய சூப் பொடியைச் சவர் கிரீமில் கலக்கினார். ‘கலிபோர்னியா டிப்’ என்று அது ஊரெங்கும் பரவ, 1958-இல் லிப்டன் நிறுவனமே செய்முறையைப் பாக்கெட்டில் அச்சிட்டது.

பொடி இல்லாமல் செய்ய, மூன்று பெரிய வெங்காயத்தை மெல்லிசாக நறுக்கி, வெண்ணெயும் உப்பும் சேர்த்து அடிகனமான வாணலியில் வதக்க வேண்டும். அடியில் பழுப்பாக ஒட்டும்போதெல்லாம் ஒரு ஸ்பூன் தண்ணீர் தெளித்துச் சுரண்டிவிட வேண்டும். ருசி முழுக்க அங்கேதான் இருக்கிறது. வெல்லப்பாகு நிறம் வந்ததும் இறக்கலாம்.

நன்றாக ஆறட்டும். சூட்டோடு கலந்தால் கிரீம் இளகிவிடும்.

பிறகு ஒரு கப் சவர் கிரீம், கால் கப் மயோனைஸ், மிளகுத்தூள். சவர் கிரீம் இல்லையா? துணியில் கட்டி நீர் வடித்த கெட்டித் தயிர் போதும்; வடிக்காத தயிர்தான் டிப்பை நீர்க்கச் செய்கிறது. இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, உருளைக்கிழங்கு சிப்ஸோடு பரிமாறுங்கள்.