ஓரெழுத்துக் காவலர்

இவருக்குப் பெயர் வைக்க வேண்டியதில்லை. உங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார். தெருவில் இல்லையென்றால் குடும்பத்தில் கட்டாயம் இருப்பார். அறுபதைத் தாண்டியவர். அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டாகவோ, வங்கியில் அதிகாரியாகவோ, உயர்நிலைப் பள்ளியில் இங்கிலீஷ் வாத்தியாராகவோ இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் இரண்டு பேனா செருகியிருப்பார். நீலம் அவருக்கு, சிவப்பு நமக்கு.

நான் நெருங்கிப் பழகியவர் வேலூர்க்காரர். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று காலையில் கிளம்புவார். ஆனால் நடப்பதைவிட நிற்பதுதான் அதிகம். ஒவ்வொரு கடைப் பலகைக்கும் ஒரு நிறுத்தம். நோட்டுப் புத்தகக் கடை வந்தால் நீண்ட நிறுத்தம். ‘ஸ்டேஷனரி’ என்ற சொல்லில் கடைசியிலிருந்து மூன்றாவது எழுத்து ‘ஈ’யாக இருந்தால் காகிதம், பேனா, பென்சில் வகையறா. அதே இடத்தில் ‘ஏ’ உட்கார்ந்தால் அசையாமல் நிற்பது என்று பொருள். நம் கடைவீதிகளில் ‘ஏ’வுக்குப் பஞ்சமே இல்லை.

“தம்பி, உங்க கடை நகராத கடையா?”

“ஆமா சார். எங்கப்பா காலத்துலேர்ந்து இதே இடம்தான். சொந்தக் கட்டடம்.”

சார் தலையில் அடித்துக்கொண்டார். கடைக்காரர் தம்மையறியாமல் சரித்திரம் பேசிவிட்டார் என்பது இருவருக்குமே தெரியாது. இடைக்கால ஐரோப்பாவில் வியாபாரிகள் பலர் ஊர் ஊராகச் சுமந்து விற்றவர்கள். பல்கலைக்கழகங்களின் பக்கத்தில் நிலையாகக் கடை போட்டுப் புத்தகம் விற்றவருக்கு ‘ஸ்டேஷனர்’ என்று பெயர். ஓரிடத்தில் இருப்பவர் என்று அர்த்தம். லண்டனில் இவர்களுடைய சங்கம் 1557-இல் அரச சாசனமே வாங்கியது. இவர்கள் விற்ற சரக்குதான் பின்னால் ‘ஸ்டேஷனரி’ ஆயிற்று. ஆக, கடை நகராமல் இருந்ததால்தான் சரக்குக்கே பெயர் வந்தது. இதைச் சாரிடம் ஒருநாள் சொன்னேன். “அதெல்லாம் சரி, பலகையில ‘ஈ’ போடணுமா வேண்டாமா?” என்றார். போடத்தான் வேண்டும். அவரிடம் இதுதான் கஷ்டம்: எப்போதும் அவர் சொல்வது சரியாக இருந்துவிடுகிறது.

அவர் வீட்டு அலமாரியில் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம் அட்டை போட்டு, பெயர் எழுதி, சாமி படத்துக்கு நேர் கீழே இருக்கிறது. விடைகள் அடங்கிய ‘கீ’ புத்தகத்தை அவர் வாங்கியதில்லை, அது சோம்பேறிகளுக்கு. இந்து பேப்பரில் வந்த ‘நோ யுவர் இங்கிலீஷ்’ பகுதிகளை வெட்டி ஒட்டிய நோட்டுகள் தனி அடுக்கு. அந்த ரென், அதாவது பி.சி. ரென், பம்பாயில் கல்வித் துறையில் வேலை பார்த்தவர். 1924-இல் பிரெஞ்சு அன்னியப் படை, பாலைவனக் கோட்டை, களவு போன ரத்தினம் என்று ‘போ ஜெஸ்ட்’ நாவலை எழுதியவரும் அவரே. ஹாலிவுட்டில் படமாகக்கூட வந்தது. சார் இதை நம்ப மறுக்கிறார். “பார்ஸிங் சொல்லிக்கொடுத்த மனுஷன் பாலைவனத்துல சண்டைக் கதை எழுதுவாரா? அது வேற ரென்.”

கம்ப்யூட்டர் வந்ததும் தம் பிழைப்பில் மண் விழுந்தது என்று கொஞ்ச காலம் சோர்ந்திருந்தார். தப்பான எழுத்துக்கு அடியில் அதுவே சிவப்புக் கோடு போடுகிறதே! பிறகுதான் அந்தச் சிவப்புக் கோட்டின் பலவீனம் பிடிபட்டது. ‘ஏ’ போட்ட ஸ்டேஷனரியும் அகராதியில் இருக்கிற சொல். ‘ஈ’ போட்டதும் இருக்கிற சொல். கடையில் நின்றது எது, காகிதம் எது என்று பழைய ஸ்பெல் செக்குக்குத் தெரியாது. அகராதியில் இல்லாத சொல்லை அது பிடிக்கும். இடம் மாறி உட்கார்ந்த சொல்லை இவர்தான் பிடிக்க வேண்டும். அன்றிலிருந்து நிமிர்ந்து நடக்கிறார்.

உள்ளாட்சித் தேர்தல் முடிந்த வாரம் அவருக்குத் திருவிழா. வெற்றி பெற்றவர்களுக்கு வாழ்த்து ஃப்ளெக்ஸ் வைக்கும்போது, ஒரு வரியாவது இங்கிலீஷில் அடித்தால்தான் கெத்து என்று தம்பிமார்கள் நினைக்கிறார்கள். வார்டு உறுப்பினரான கவுன்சிலருக்கு நடுவில் ‘சி’. மனக்கஷ்டத்தைக் கேட்டு ஆலோசனை சொல்லும் கவுன்சிலருக்கு அங்கே ‘எஸ்’. தமிழில் எழுதினால் இருவரும் ஒரே கவுன்சிலர். நம் எழுத்து இந்த வம்புக்கே போகவில்லை. எங்கள் வார்டு ஃப்ளெக்ஸில் ‘எஸ்’ விழுந்திருந்தது. சார் அதன் கீழே நின்று, “அப்ப குழாயில தண்ணி வரலேன்னு போனா, உட்காருங்க, மனசு விட்டுப் பேசுங்கன்னு சொல்வாரா?” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த உறுப்பினர் அதற்குப் பின் ஐந்து வருஷமும் மனசு விட்டுப் பேசச் சொல்லித்தான் அனுப்பிவைத்தார் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். ஃப்ளெக்ஸ்காரன் தீர்க்கதரிசி.

சாருடைய நிஜமான எதிரி வெளியில் இல்லை, சமையல்கட்டில் இருக்கிறார். மாமி வார இதழ்களின் இணைப்பாக வரும் சமையல் குறிப்புகளைச் சேர்த்துவைப்பவர். ஒருமுறை கோபி மஞ்சூரியன் குறிப்பை உரக்கப் படித்தார்: காலிஃப்ளவரைச் சிறு பூக்களாகப் பிரித்து, கார்ன்ஃப்ளவரில் புரட்டி...

“எதுல புரட்டி?”

“கார்ன்ஃப்ளவர்ல.”

“சோளப்பூவிலயா? அது ஃப்ளார்! மாவு! இது பூ, அது மாவு!”

“பூவோ மாவோ, கடைக்காரன் கேட்டதும் எடுத்துத் தரான். உங்களுக்குப் பொரிச்சுத் தட்டுல வைக்கிறப்ப ஸ்பெல்லிங்கா பார்க்கிறேள்?”

அன்று சார் மூன்று தட்டு மஞ்சூரியனும் ஒரு சொற்பொழிவுமாக ராத்திரியைக் கழித்தார். எனக்கென்னவோ மாமி பக்கம்தான் நியாயம் இருக்கிறது. அந்த இரண்டும் ஒருகாலத்தில் ஒரே சொல். கோதுமையை அரைத்துச் சலித்தால் கிடைக்கும் உயர்ந்த பாகத்தை ‘மாவின் மலர்’ என்று அழைத்தார்கள். அந்த மலர்தான் மாவாயிற்று. டாக்டர் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட புகழ்பெற்ற அகராதியில்கூட இரண்டுக்கும் தனித்தனி எழுத்து கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் பூவுக்கு ஓர் எழுத்துக்கூட்டு, மாவுக்கு ஓர் எழுத்துக்கூட்டு என்று வழக்கு உறுதியானது. மாமி சொல்வது ஜான்சன் காலத்து இங்கிலீஷ். சார் அதைவிடப் புதியவர்.

இதைவிட விசித்திரம் ‘டிஸ்இன்ட்ரஸ்டட்’, ‘அன்இன்ட்ரஸ்டட்’ கதை. முன்னதற்குப் பாரபட்சம் இல்லாதவர் என்று பொருள், பின்னதற்கு அக்கறை இல்லாதவர் என்று பொருள். நீதிபதி முன்னவராக இருக்க வேண்டும்; பின்னவராக இருந்தால் கட்சிக்காரன் கதி அதோகதி. இதைக் குழப்புகிறவர்களைச் சார் மன்னிப்பதே இல்லை. ஆனால் பதினேழாம் நூற்றாண்டு இங்கிலீஷில் இந்தச் சொற்கள் தலைகீழாக வழங்கியிருக்கின்றன: ‘டிஸ்’ போட்டது அக்கறையின்மைக்கு, ‘அன்’ போட்டது நடுநிலைமைக்கு. பிறகு எப்போதோ நாற்காலியை மாற்றிக்கொண்டன. அந்தக் காலத்திலும் லண்டனில் ஒரு சார் இருந்து, இன்று நம் சார் சொல்வதற்கு நேர் எதிராகச் சொல்லி மாணவர்களின் தலையில் குட்டியிருப்பார். இரண்டு குட்டும் வலித்திருக்கும்.

கல்யாணப் பத்திரிகைக்கு வருவோம். அடியில் ‘வித் பெஸ்ட் காம்ப்ளிமென்ட்ஸ் ஃப்ரம்’ என்று போட்டு, கீழே உற்றார் உறவினர் என்று அச்சடிக்காவிட்டால் நம் ஊரில் கல்யாணம் செல்லாது. நடுவில் ‘ஐ’ வந்தால் நல்வாழ்த்து. ‘ஈ’ வந்தால் குறையை நிரப்பும் மீதிப் பாகம். நண்பர் ஒருவர் மகள் கல்யாணத்துக்கு ஐந்நூறு பத்திரிகையிலும் ‘ஈ’. சார் முகூர்த்தத்துக்கு முதல் ஆளாக வந்தார். மொய்க் கவரைக் கொடுத்தார். கூடவே சிவப்பு மையில் வட்டம் போட்ட பத்திரிகையையும் கொடுத்தார். மணப்பெண்ணின் தகப்பனாருக்கு முகம் சுருங்கிவிட்டது.

“இதை முன்னாடியே சொல்லக் கூடாதா சார்?”

“முன்னாடி யாரும் காட்டலியே.”

பந்தியில் அவருக்குப் பக்கத்து இலை காலியாகவே இருந்தது. பாயசம் மட்டும் இரண்டாவது தடவை வந்தது. பரிமாறியவருக்கு விஷயம் தெரியாது.

வாட்ஸ்அப்பில் நடந்தது இன்னும் மோசம். சாருடைய தங்கை மகன் பெங்களூரிலிருந்து குடும்பக் குழுவில் வேலை போய்விட்டது என்று இங்கிலீஷில் ஒரு வரி போட்டான். இழப்பதற்கான சொல்லில் ஒரு ‘ஓ’ போதும். பையன் துக்கத்தில் இரண்டு போட்டுவிட்டான். இரண்டு போட்டால் தொளதொளப்பு. எடை குறைக்கும் மாவு விற்கிறவர்கள் மின்கம்பத்தில் ஒட்டும் நோட்டீஸில் வருமே, அதே லூஸ். அத்தை, சித்தப்பா எல்லாரும் கும்பிடும் கைப் படமாக அனுப்பிக்கொண்டிருந்த நேரத்தில் மாமாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது: ‘ஒரு ஓ-வை எடு.’

பையன் குழுவை விட்டு வெளியேறினான். தங்கை போன் போட்டாள். “ஏண்ணா, புள்ளைக்கு வேலை போச்சேன்னு நான் அழறேன். நீ ஓ போச்சா ஈ வந்துதான்னு எண்ணிண்டிருக்கியே, நியாயமா?”

சார் பதில் பேசவில்லை. அன்றிரவு பையனின் பயோடேட்டாவை வரவழைத்துப் பக்கம் பக்கமாகச் சீர்திருத்தினார். ‘பர்சனல் டிபார்ட்மென்ட்’ என்று அந்தரங்கத் துறையில் வேலை பார்த்ததாக எழுதியிருந்ததை ‘பர்சனெல்’ என்று ஊழியர் துறைக்கு மாற்றியதும் அதில் அடக்கம். பையனுக்கு வேறு வேலை கிடைத்தது. அந்தத் திருத்தத்தால்தான் கிடைத்தது என்று மாமா சொல்வார். பையன் அப்படிச் சொல்வதில்லை. ஆனால் குழுவில் மறுபடியும் சேர்ந்துவிட்டான், தமிழில் மட்டும் எழுதுகிறான்.

தம் குலத்துக்கு மூலபுருஷராகச் சார் கும்பிடுவது வலங்கைமான் தந்த மகாகனம் வி.எஸ். சீனிவாச சாஸ்திரியாரை. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். வெள்ளைக்காரர்களே வெள்ளிநாக்கு என்று வியந்தவர். காந்தியின் சத்திய சோதனையை மகாதேவ தேசாய் குஜராத்தியிலிருந்து இங்கிலீஷில் கொண்டுவந்தார். அதன் இரண்டாம் பதிப்பை வரி வரியாகப் பார்த்துத் திருத்தியவர் சாஸ்திரியார். தம் பெயரை எங்கும் வெளியிடக் கூடாது என்பதுதான் அவர் போட்ட ஒரே நிபந்தனை. முன்னுரையில் ‘மதிப்பிற்குரிய நண்பர்’ என்றுதான் இருக்கிறது. இந்தக் கதையைச் சார் கண் கலங்கச் சொல்வார். பெயரை வெளியிடக் கூடாது என்ற அந்தப் பகுதியை மட்டும் அவர் இன்னும் கடைப்பிடிக்கத் தொடங்கவில்லை.

தமிழில் அவர் எப்படி என்று கேட்பீர்கள். பிழையே விடமாட்டார், மயங்கொலிச் சொற்களெல்லாம் பள்ளியில் தலைகீழ்ப் பாடம். ஆனால் தமிழைத் திருத்த மாட்டார். அவர் ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் கட்டிய பேனரில் ‘பனி ஓய்வு பாராட்டு விழா’ என்று இருந்தது. மே மாதம், வேலூர், பனி ஓய்வு! அதன் கீழே மாலையோடு சிரித்துக்கொண்டு நிற்கும் படம் இன்றும் அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதே பேனரின் இங்கிலீஷ் வரியில் ஒரு காற்புள்ளி தப்பு என்று அங்கேயே ஸ்கெட்ச் பேனா கேட்டு வாங்கிச் சரிசெய்தார்.

“ஏன் சார், மூணு சுழி ‘ண’ போடச் சொல்லியிருக்கலாமே?”

“தமிழ் நம்ம வீட்டுப் பாத்திரம், நசுங்கினா நசுங்கட்டும். இங்கிலீஷ் இரவல் பாத்திரம்யா. வாங்கின மாதிரியே திருப்பிக் கொடுக்கணும்.”

கொடுத்தவர்கள் 1947-லேயே கப்பலேறிவிட்டார்கள். பாத்திரத்தை யாரும் திருப்பிக் கேட்கவும் இல்லை. போன இடத்தில் அவர்களே அதை அடித்து நெளித்துத்தான் வைத்திருக்கிறார்கள். சார் மட்டும் இன்னும் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். வீட்டுப் பாத்திரத்துக்கும் கொஞ்சம் புளி மிச்சம் வைத்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

எப்படியும், இவரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். கடன் பத்திரத்தில் அசலைக் குறிக்கும் ‘பிரின்சிபல்’ என்ற இடத்தில் கொள்கையைக் குறிக்கும் ‘பிரின்சிபிள்’ விழுந்தால், அதை வங்கி மானேஜருக்கு முன்னால் பிடிக்கப்போகிறவர் இவர்தான். ஆகவே பத்திரிகையோ பலகையோ பத்திரமோ, அச்சுக்குப் போவதற்கு முன் அவரிடம் காட்டிவிடுங்கள். காலையில் கொண்டுபோங்கள். மாலையில் போனால் ரென் அண்ட் மார்ட்டினை முழுதும் கேட்டுவிட்டுத்தான் வீடு திரும்ப முடியும்.