மாப்பிள்ளை யார்?

கே: எங்கள் பச்சை இகுவானா தனியாகத்தான் வளர்கிறது. ஆண் வாடையே பட்டதில்லை. திடீரென்று வயிறு உப்பிவிட்டது. டாக்டர் முட்டை என்கிறார். மாப்பிள்ளை யார்?

ப: பெண் மேல் பழி போடாதீர்கள். கடையில் நீங்கள் வாங்கும் பண்ணை முட்டையை இட்ட கோழி எந்தச் சேவலைக் கண்டது? வயதுக்கு வந்த இகுவானாவும் அப்படித்தான். துணை இல்லாமலே முட்டை கட்டும், ஒரே ஈட்டில் 20 முதல் 70 வரை. குஞ்சுதான் வராது.

கே: ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ராப்பகலாகக் கண்ணாடியைப் பிறாண்டுகிறது. புத்தி பேதலித்துவிட்டதா?

ப: பேறுகாலத்துக்கு இடம் தேடுகிறது. மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் ஈர மண்ணில் வளை தோண்டி, உள்ளே புகுந்துதான் முட்டையிடும். நீங்கள் கொடுத்திருப்பதோ டைல்ஸ் தரை! உடம்பு முழுக்க நுழைந்து திரும்புமளவு பெரிய பிளாஸ்டிக் டப்பா வையுங்கள். மண்ணும் மணலும் கலந்து ஆழமாக நிரப்புங்கள். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. பிறகு எட்டிப் பார்ப்பதை நிறுத்துங்கள். இடம் பிடிக்காவிட்டால் முட்டையை அடக்கிக்கொண்டே இருக்கும். பல வீடுகளில் முட்டை சிக்குவது இப்படித்தான்.

கே: எப்போது பயப்பட வேண்டும்?

ப: பட்டினி கிடந்தாலும் சுற்றி வந்தால் பொறுக்கலாம். பட்டினியோடு படுத்துவிட்டால் அன்றைக்கே கிளம்புங்கள். கண் குழிவிழுவது, விரல்கள் துடிப்பது, முக்கியும் வராதது, சில முட்டைகளை இட்டுவிட்டுச் சோர்ந்துபோவது எல்லாமே அவசரம். ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் யார் என்று இப்போதே விசாரித்து வையுங்கள். எக்ஸ்ரே, ஸ்கேன் எடுப்பார். நீரும் கால்சியமும் ஏற்றி, உடம்புச் சூட்டைச் சரிசெய்வார். ஆக்ஸிடோசின் ஊசிக்கு ஆமைகள் இணங்குமளவு பல்லி இனம் இணங்குவதில்லை. முட்டை கோணலாகவோ ஒட்டிக்கொண்டோ இருந்தால் அறுவைதான். இன்னொரு வகையும் உண்டு: கரு உருண்டைகள் சூலகத்தைவிட்டு இறங்காமலே தங்கிவிடும். ஓடே கட்டாத முட்டைக்கு மண் டப்பா என்ன செய்யும்? அதற்கும் பெரும்பாலும் கத்திதான். சூலகத்தை எடுத்துவிட்டால் அடுத்த வருஷம் இந்தப் பாடு இல்லை.

கே: விளக்கெண்ணெய் தடவி வயிற்றை நீவினால் வந்துவிடும் என்கிறார் மாமியார்.

ப: விளக்கெண்ணெயை முதலில் ஒளித்து வையுங்கள். இந்த முட்டைக்குக் கோழிமுட்டை போலக் கெட்டி ஓடு கிடையாது, தோல் மாதிரி இருக்கும். நீவினால் உள்ளேயே கிழிந்து, கரு வயிற்றுக்குள் பரவி உயிருக்கே உலை வைக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் தோள் நனையாமல் கொஞ்ச நேரம் உட்கார வைக்கலாம். வீட்டு வைத்தியம் அத்தோடு சரி.

கே: தினமும் ஜன்னலோரம் வெயிலில் வைக்கிறேன், பாலக் கீரை கொடுக்கிறேன். கால்சியத்துக்கு அது போதாதா?

ப: இரண்டும் வீண். புற ஊதா பி கதிரை ஜன்னல் கண்ணாடியே வடிகட்டிவிடும். அது இல்லாமல் உடம்பில் கால்சியம் சேராது. கால்சியம் இல்லாவிட்டால் முட்டையைத் தள்ளும் தசைக்கு வலு ஏது? புற ஊதா பி கதிருக்கென்றே உள்ள விளக்கைப் போடுங்கள். பாலக்கில் உள்ள ஆக்ஸாலிக் அமிலம் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முருங்கைக்கீரை இருக்கும் ஊரில் பாலக் எதற்கு?

கே: இகுவானா செலவு கட்டவில்லை. உடும்பு வளர்க்கலாமா?

ப: அதற்கு முட்டை கட்டுமுன் வனத்துறை உங்களைக் கட்டிக்கொண்டு போகும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பு முதல் அட்டவணை விலங்கு. இகுவானாவையே மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் பதிந்தீர்களா, அதைச் சொல்லுங்கள்.