கரண்டு போன கணக்கை எழுதாதே நைனா

எழுதாதே நைனா. கரண்டு எத்தினி மணிக்குப் போச்சு, எத்தினி மணிக்கு வந்துச்சுன்னு நோட்டு போட்டு எழுதவே எழுதாதே. எழுதினா நஷ்டம் எவ்ளோன்னு தெரிஞ்சுடும். தெரிஞ்சுட்டா டீக்கடையில நின்னுக்கினு ஈபிக்காரன நிம்மதியா திட்ட முடியாது.

நம்ம சோழவரத்துல, ரெண்டாம் உலகப் போர் காலத்து ரன்வே மேல கார் ரேஸ் வுட்டப்ப, கையில வாட்ச்ச வெச்சுக்கினு செகண்டு செகண்டா எண்ணினாங்க. அதே ஊர்ல பிவிசி பொருள் போடுற கம்பெனி வெச்சிருக்கிற நீ, "கரண்டு அடிக்கடி போவுது பெரிப்பா"ன்றே. அடிக்கடின்னா எத்தினி தபா? கேட்டா தலைய சொறியறே.

ரைஸ் மில் ஓட்டுனவன் நானு. ஒரு பேச்சுக்குக் கணக்கு போடறேன், கேளு. உன் கம்பெனி மணிக்கு 75 யூனிட் இழுக்குதுன்னு வெச்சுக்கோ. ஒரு மணி நேரம் கரண்டு போனா, ஈபிக்கு உங்கிட்டேந்து வர வேண்டிய ஒரு 600 ரூபா போச்சு. அதுலயும் கரண்டு வாங்குற செலவு அவங்களுக்கு மிச்சம். உனக்கு? டீசல் லிட்டரு 92 ரூபாய்க்கு மேல. சின்ன ஜெனரேட்டரு லிட்டருக்கு மூணு யூனிட்டு குடுக்கும், ரொம்பப் பெரிய மனசு பண்ணா மூணரை. யூனிட்டு 26 ரூபாய்க்குக் கொறையாம வுழுது, எண்ணெய்க்கு மட்டும்.

அதாச்சும் தேவல. மெஷின் ஓடிக்கினு இருக்கும்போது கரண்டு பத்து செகண்டு கண்ணடிச்சிட்டுப் போவுது பாரு, அதான் ஆளத் தின்றது. மெஷின் நின்னு, திரும்ப எடுக்கறதுக்குள்ள பேரல்ல நின்ன பிவிசி கருக ஆரம்பிச்சுடும். அத வழிச்சு வெளிய தள்ளி, முதல்ல வுழற பீஸையெல்லாம் கழிச்சுக் கட்டறதுக்குள்ள ஆளுங்க ஒரு டீ குடிச்சிட்டு வந்துடுவாங்க. கூலி மட்டும் நிக்காம ஓடும். மீட்டர்ல பாத்தா இன்னா தெரியும்? ஒண்ணும் தெரியாது. பராமரிப்பு மின்தடை, காலைல 9 மணிலேந்துன்னு பேப்பர்ல போட்டுட்டா, முன்கூட்டியே பேரல காலி பண்ணிட்டு வார லீவ அன்னிக்கி மாத்தி வுட்டுடுவே. சொல்லிட்டுப் போற அஞ்சு மணி நேரத்தவிட, சொல்லாம போற அஞ்சு நிமிஷத்துக்குத்தான் செலவு ஜாஸ்தி.

2008 நவம்பர்லேந்து பெரிய பெரிய தொழிற்சாலைங்களுக்கு வெட்டு போட்டாங்களே, ஞாபகம் இருக்கா? சாயங்காலம் ஆறுலேந்து பத்து வரைக்கும் கரண்டத் தொடக்கூடாதுன்னாங்க. பல வருஷம் கழிச்சுத்தான் முழுசா எடுத்தாங்க. அப்ப கரண்டே இல்ல, அதனால வெட்டு. இப்ப வல்லூர்ல மட்டும் 1,500 மெகாவாட் அனல்மின் நிலையம் நிக்குது. சாம்பல் காத்துல தானா வந்துடுது. கரண்டுதான் கம்பியில வரணுமே, அங்கதான் ஒரு மரக்கிளை படுத்துக்குது.

நஷ்ட ஈடு கேக்கலாமேன்றியா? பேஷா கேளு. மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2004-லயே விதி போட்டிருக்கு. போன கரண்ட திரும்பக் குடுக்கறதுக்குச் சொன்ன கெடுவத் தாண்டினா, தாண்டின ஒவ்வொரு ஆறு மணி நேரத்துக்கும் 50 ரூபா. எவ்ளோ நாள் ஆனாலும் 2,000 ரூபாய்க்கு மேல கிடையாது. அந்த 50 ரூபாய்க்கு அரை லிட்டர் டீசலு வாங்கிக்கோ, மீதிய பேங்க்ல போடு.

நீயும் சும்மா கணக்க ஊதாதே. நின்னுபோன ஒரு மணி நேரத்துக்கு வித்திருக்கக்கூடிய மொத்தக் காசையும் நஷ்டத்துல எழுதறே. பீஸே போடலேன்னா பிவிசி மாவு மூட்டையும் செலவாவலியே? ஞாயித்துக்கெழம ஓவர்டைம் போட்டு சரக்க அனுப்பிட்டேன்னா, போனது ஓவர்டைம் கூலிதான். இன்னொண்ணு, உன் கம்பெனிக்குன்னு தனியா புது லைன் இழுத்தாலும் மின்தடை மொத்தமா ஓடிப்போவாது. வருஷத்துக்கு ரெண்டு லட்சம் போவுதுன்னு நோட்டு சொல்லி, லைன் அதுல பாதிய நிறுத்தினா, உனக்கு லாபம் ஒரு லட்சந்தான். அந்த ஒரு லட்சத்துக்காக யூனிட்டுக்கு அம்பது பைசா கூடக் குடுப்பியான்னு கேட்டா, "யோசிச்சு சொல்றேன்"னுவே. யோசி. மாசம் 20,000 யூனிட் ஓட்டுனா வருஷத்துக்கு 1,20,000 ஆவுது.

அதனாலதான் சொல்றேன், தனியா இழுக்காதே. உன் சந்துல எட்டு கம்பெனி, எட்டு ஜெனரேட்டரு. எல்லாஞ் சேர்ந்து ஈபியில பணங்கட்டி லைன சீர்பண்ணிக்கினா ஆளுக்கு எட்டுல ஒரு பங்குதான் வுழும். ஆனா யாரு எவ்ளோ போடறதுன்னு வந்தா எட்டு பேரும் நோட்ட எடுத்து நடுவுல வெக்கணும். வெச்சா எவன் எத்தினி பீஸ் போடறான், எவனுக்கு எவ்ளோ ஆர்டருன்னு பக்கத்து ஷெட்டுக்காரனுக்குத் தெரிஞ்சுடும். அந்த பயத்துலதானே நைனா எட்டு ஜெனரேட்டரும் ஓடுது?

நீ மட்டும் எழுதி எங்கிட்ட காட்டு. நான் யாருகிட்ட சொல்லப்போறேன்.