பாதுகாப்பாகக் கையெழுத்திடுவது எப்படி?

சிவகாசி வட்டாரத்தில் பட்டாசு ஆலை நடத்தும் முதலாளிமாருக்கு ஒரு யோசனை. தொழிலாளர் பாதுகாப்புப் பயிற்சியை எங்காவது வெடித்த மறுவாரமே வைத்துவிடுங்கள். அதிகாரிகள் வருவார்கள், நிருபர்கள் வருவார்கள், படமும் நன்றாக வரும்.

வரவேற்புரை, முன்னிலை, தலைமை, வாழ்த்துரை எல்லாம் ஆனபிறகு மிச்சமிருக்கும் கால் மணி நேரம் போதும் பாடத்துக்கு. மருந்துக் கலவையை உரசாதே. பருத்தித் துணியே உடுத்து. ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காராதே. கேட்டுக்கொண்டிருப்பவர் 20 வருஷமாக மருந்து செலுத்துகிற அக்கா. நக இடுக்கில் அலுமினியப் பொடி மினுங்குகிறது. உரசினால் என்ன ஆகும் என்பது படம் போட்டுக் காட்டுகிறவரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். எண்ணிக்கைக்குத்தான் கூலி, தீபாவளி ஆர்டர் கழுத்தை நெரிக்கிறது, நாலு பேர் அறையில் பத்துப் பேர். இதில் பதறாமல் வேலை பார்ப்பது எப்படி என்பதுதான் தெரியவில்லை. அதற்கு ஸ்லைடு போடவில்லை.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. உரிமம் ஏற்கெனவே நிறுத்திவைக்கப்பட்ட ஆலை ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஏறக்குறைய 40 பேர் செத்தார்கள். அவர்களில் பலர் அங்கே வேலை பார்த்தவர்களே இல்லை, முதல் சத்தம் கேட்டு ஓடிவந்த ஊர்க்காரர்கள். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். 20-க்கும் மேற்பட்ட சாவு. உரிமம் ஒருவர் பேரில், ஆலை உள்குத்தகையில். மருந்தை உரசக்கூடாதென்று பாடம் கேட்க வேண்டியது செத்தவர்கள்தானாம். உள்குத்தகை விடக்கூடாது என்ற பாடத்தை யார், யாருக்கு, எந்த மண்டபத்தில் நடத்துவது? அறைகளை எண்ணிவிட்டுத் தலைகளை எண்ணாமல் ஜீப் ஏறும் அதிகாரிக்கு எப்போது வகுப்பு? கீழே பாயில் உட்கார அவர்களுக்கு நேரம் ஏது? மேடையில் சால்வை காத்திருக்கிறதே.

1959-இல் டொனால்ட் கிர்க்பேட்ரிக் என்ற அமெரிக்கர் பயிற்சியை நாலு படிகளில் அளக்கச் சொன்னார்: பிடித்திருந்ததா, கற்றார்களா, வேலையில் நடந்துகொள்ளும் விதம் மாறியதா, பலன் கிடைத்ததா. பாவம், எவ்வளவு சுற்றுவழி! நமக்கு ஒரே படிதான், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து. எழுதத் தெரியாதவர்களுக்கு மைப்பெட்டி தயார். (மதியம் பிரியாணி என்றால் கையெழுத்துக் கூடுதலாகவே விழும்.)

அந்தக் கையெழுத்தின் அருமை அடுத்த வெடிச் சத்தத்துக்கு அப்புறம்தான் விளங்கும். பயிற்சி கொடுத்தாயிற்று, இதோ அத்தாட்சி. ஆகவே விபத்துக்குக் காரணம் தொழிலாளியின் கவனக்குறைவு. ஃபோர்மேன் உள்ளே. முதலாளி தலைமறைவு, பிறகு ஜாமீன். முதலமைச்சர் நிவாரண நிதியிலிருந்து காசோலை, அதை வாங்கவும் ஒரு கையெழுத்து.

செத்தவருக்கு மறுபயிற்சி கொடுக்க வழியில்லை. அதனால் அடுத்த வகுப்புக்கு அவர் மகளை அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா பார்த்த வேலை காலியாகத்தானே கிடக்கிறது.