பெருந்திரை ஓல்-இன்-வன் கணினி: வெள்ளவத்தைப் பள்ளியும் கொட்டாஞ்சேனைப் பள்ளியும்

கொழும்பு 6 ஆகிய வெள்ளவத்தைக்கும் கொழும்பு 13 ஆகிய கொட்டாஞ்சேனைக்கும் இடையே கருத்து வேறுபாடுகள் பல. எந்தக் கடைக் கொத்து ருசி, எந்தக் கோயில் திருவிழாவுக்குச் சனம் கூட என்பவை பற்றிப் போதிய வாய்மொழி இலக்கியம் ஏற்கெனவே இருப்பதால் இக்கட்டுரை அவற்றைத் தொடவில்லை. அறிஞர் கண்ணில் இன்னும் படாத ஒரு பிணக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறது: மொனிட்டருக்குள்ளேயே முழுக் கணினியையும் அடைத்துவரும் பெருந்திரை ஓல்-இன்-வன்னை வாங்கலாமா, கூடாதா?

வாங்கலாம் என்பது வெள்ளவத்தைப் பள்ளி. வீட்டு ஹோலில் பிறந்த சிந்தனை. கூடாது என்பது கொட்டாஞ்சேனைப் பள்ளி. கடை மேசையில் பிறந்தது. வெள்ளவத்தையில் குடியிருக்கும் கொட்டாஞ்சேனைவாதிகளும் உண்டு. முகவரியை வைத்து எவரையும் வகைப்படுத்துவது முறையன்று. இந்த இயந்திரம் இடத்தில் மிச்சம் பிடித்து, அந்தக் கணக்கை ஆயுளில் கழிக்கிறது என்பதே இங்கு பரிசோதிக்கப்படும் கருதுகோள்.

1. வரலாற்றுப் பின்னணி

திரை, விசைப்பலகை, கணினி மூன்றையும் ஒரே உடம்பில் வைத்த கொமடோர் பெற் 1977 இல் அறிமுகமானது. இலங்கை இறக்குமதிக் கதவைத் திறந்ததும் அதே ஆண்டுதான். இரண்டுக்கும் தொடர்பிருப்பதாகச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. 1984 இல் வந்த அப்பிளின் மக்கின்டொஷ் திரையையும் கணினியையும் ஒரே பெட்டியில் வைத்தது. இவ்விரண்டின் திரையும் 9 அங்குலம். 1998 ஓகஸ்டில் கடைக்கு வந்த முதல் ஐமக் 15 அங்குலத் திரையும் சுமார் 17 கிலோ எடையும் கொண்டது. இவ்வளவு பாரத்தின் தலையில் ஒரு கைபிடியும் இருந்தது.

2004 இல் ஐமக்கின் கணினி முழுவதும் தட்டைத் திரையின் முதுகுக்குப் போனது. 2009 இல் திரை 27 அங்குலமானது. 2012 இல் விளிம்பு 5 மில்லிமீற்றராக ஒடுங்கியது. முதுகில் மட்டும் தொந்தி தங்கிவிட்டது. 2014 இல் 5கே திரை வந்தது. 2022 மார்ச்சில் அப்பிள் 27 அங்குல ஐமக்கைக் கைவிட்டு 24 அங்குலத்தோடு நின்றுகொண்டது. எச்பி, டெல், லெனோவோ முதலியவை 23.8, 27 அங்குல அளவுகளில் இந்த இனத்தைத் தொடர்ந்து வளர்க்கின்றன.

2. வெள்ளவத்தைப் பள்ளி: இடக் கோட்பாடு

காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் முற்றமும் மாமரமுமாக இருந்த வீடுகள் போய்த் தொடர்மாடிகள் எழும்பிவிட்டன. அங்கே ஹோல் என்பது சோபா, சாப்பாட்டு மேசை, பிரிட்ஜ், சாமித்தட்டு ஆகியவை ஒன்றையொன்று இடிக்காமல் நிற்கப் பழகிய ஓரிடம். அதற்குள் டவர், மொனிட்டர், ஸ்பீக்கர் என்று மூன்றைக் கொண்டுவந்தால் மூன்று வயர், மூன்று பிளக். மேசைக்கடியில் வைத்த டவர் தும்புத்தடிக்கும் பிள்ளைகளின் காலுக்கும் இரையாகும். ஓல்-இன்-வன்னுக்கு ஒரே வயர். யூ.பி.எஸ். வாங்கினாலும் அதில் ஒரே பொயின்ட் போதும்.

இரண்டாவது வாதம் உறவுமுறை சார்ந்தது. வெள்ளவத்தையில் இரவு 8 மணியென்றால், கோடைகாலத்து ரொறன்ரோவில் காலை 10.30. கைத்தொலைபேசியில் அழைப்பெடுத்தால் கனடாவுக்குப் போய்ச் சேருவது அம்மம்மாவின் நெற்றியும் சுழலும் மின்விசிறியும் மட்டுமே. பெருந்திரைக்கு மேலே நிலையாக இருக்கும் கமெராவுக்கு முன்னால் குடும்பமே வரிசையாக உட்காரலாம். பின்னால் பிரிட்ஜைத் திறந்து எதையோ எடுத்து வாயில் போடும் பேரன்கூடத் தப்ப முடியாது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து பாடசாலைகள் திரைக்குள் போனபோது, தொலைபேசியில் கரும்பலகையைத் தேடிய பிள்ளைகள் இந்தப் பள்ளிக்கு இன்னும் வலுச் சேர்த்தார்கள்.

மூன்றாவது, அளவைச் சான்று. ஏ4 தாளின் உயரம் 29.7 சென்ரிமீற்றர். 23.8 அங்குலத் திரையின் உயரமோ 29.6. பரீட்சை வினாத்தாளை அதன் இயல்பான அளவில் பார்க்க ஒரு மில்லிமீற்றர் குறைகிறது என்பது அறிவியல் உலகம் இதுவரை கண்டுகொள்ளாத பெருந்துயரம். 27 அங்குலத் திரை 59.8க்கு 33.6 சென்ரிமீற்றர், இரண்டு தாள்கள் தோளோடு தோள் நின்றாலும் ஓரத்தில் இடம் மிஞ்சும்.

நான்காவது வாதத்தை அப்பிளின் பொறியியலாளர்கள் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள். 2021 இல் வந்த 24 அங்குல ஐமக் 11.5 மில்லிமீற்றர் தடிப்புத்தான். கணினிப் பலகை திரைக்குக் கீழேயுள்ள தாடைக்குள் இருக்கிறது. அந்தத் தாடை அசிங்கம் என்று உலக விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். நவராத்திரி முடிவில் புத்தகத்தோடு கணினிக்கும் சந்தனம், குங்குமம் வைக்கும் வீட்டில் இது எப்பேர்ப்பட்ட வசதி! நாலு பக்கமும் கண்ணாடியே திரையாக இருந்தால் பொட்டை எங்கே வைப்பது?

3. கொட்டாஞ்சேனைப் பள்ளி: பிரிக்கும் உரிமை

ஜம்பட்டா வீதிப் பக்கத்தில் கணினி என்பது தொழில் கருவி. கலியாணக் காட், அல்பம், வீடியோ, அந்தியேட்டி மலர் எல்லாம் நாளைக்கே வேண்டும் என்று வாடிக்கையாளர் வாசலில் நிற்பார். 1930 இல் தொடங்கிய வீரகேசரி இயங்கும் கிராண்ட்பாஸ் கிட்டவே இருப்பதால், அச்சு மை என்றால் என்னவென்று இப்பகுதிக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. இங்கே டவரின் பக்கவாட்டு மூடி திருகாணி இல்லாமலேயே நிற்கும். சத்தம் கூடினால் மூடியை எடுத்து, வாயால் ஓர் ஊது. ரெம் கழன்றிருந்தால் ஓர் அமுக்கு. பவர் சப்ளை எரிந்தால், பொடியன் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்குப் போய், சொப்பிங் பேக்கில் புதியதோடு 100 ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டை வந்து, பின்னேரத்துக்குள் கடைக்குத் திரும்பிவிடுவான்.

ஓல்-இன்-வன் கூட்டுக்குடும்பம் மாதிரி: ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் வீடே படுக்கும். 2009 முதல் 2011 வரையான ஐமக்கின் கண்ணாடி காந்தத்தில் நின்றது. உறிஞ்சிக் கிண்ணம் இரண்டை ஒட்டி இழுத்தால் கையோடு வரும். 2012 க்குப் பிறகு திரையைப் பசைப்பட்டியால் ஒட்டிவிட்டார்கள். உள்ளே போக வேண்டுமானால் சின்னச் சில்லுப் பூட்டிய கருவியை விளிம்பு நெடுக உருட்டிப் பசையை அறுக்க வேண்டும். மூடும்போது புதுப் பட்டி ஒட்ட வேண்டும். கை சற்று ஆழமாகப் போனால் வயர் அறும், சாய்த்துத் தூக்கினால் கண்ணாடி வெடிக்கும். 24 அங்குல ஐமக்கில் நினைவகம் சிப்போடு சேர்ந்தே வருகிறது. வாங்கிய அன்று எவ்வளவோ, கடைசி வரைக்கும் அவ்வளவுதான்.

திரை பற்றியும் இப்பள்ளிக்கு ஐயம் உண்டு. விலை குறைந்த 27 அங்குல இயந்திரங்களில் பல 1920க்கு 1080 என்ற பழைய கணக்கோடு வருகின்றன. அங்குலத்துக்கு 82 புள்ளி. 5கே ஐமக்கில் அது 218. சிறிய எழுத்தில் பாமினி எழுத்துரு ஓடும்போது, மெய்யெழுத்தின் தலைப்புள்ளி விழுந்திருக்கிறதா, தூசு ஒட்டியிருக்கிறதா என்று 82 இல் தீர்மானிப்பது கடினம். ஐந்நூறு காட் அடித்த பிறகு தீர்மானிப்பது அதைவிடக் கடினம்.

வெப்பம் இன்னொன்று. இவ்வினத்தின் பல மாதிரிகளில் மெல்லிய உடம்புக்காக மடிக்கணினிச் சிப்பையே வைக்கிறார்கள். கடிதம் அடிக்க, படம் பார்க்க அது தாராளம், மின்சாரமும் குறைவு. கலியாண வீடியோவை 4கேயில் வெளியே எடுக்கும்போதோ, சூடு ஏற ஏற வேகம் இறங்கும், விசிறி மட்டும் தவிலடிக்கும்.

இப்பள்ளியின் மிகக் கூரிய வாதம் இறப்புக்குப் பிந்தியது. டவர் செத்தால் மொனிட்டர் மறுமணம் செய்துகொள்ளும். 5கே ஐமக்கின் கணினி செத்தால், ஒரு கோடியே 47 இலட்சம் புள்ளிகள் கொண்ட அருமையான திரையும் உடன்கட்டை ஏறுகிறது. 2009 முதல் 2014 நடுப்பகுதி வரையான ஐமக் பலவற்றை, கணினி சாகாமல் பழசாகிப்போனால், வெளித்திரையாகவேனும் பாவிக்க வழியிருந்தது. 5கேக்கு அந்த வழியும் அடைபட்டது.

4. புறக்காரணிகள்: உப்பும் குரங்கும்

பல்கனிக் கிறில்லைத் தின்னும் கடற்காற்று கணினியை விட்டுவைப்பதில்லை. இன்டெல் காலத்து ஐமக் அடிவிளிம்பால் காற்றை இழுத்து முதுகால் விடும். கடலோர மெரின் டிரைவ் பக்கத்து வீட்டில் அந்தக் காற்றோடு உப்பும் ஈரமும் உள்ளே போகின்றன. உப்புக்குப் பக்கச்சார்பு இல்லை, டவரையும் அது தின்னும். டவரில் தின்னப்பட்ட துண்டைக் கழற்றி எறியலாம் என்பதே வேறுபாடு.

மின்சாரத்தில் இரு பள்ளிகளும் ஒருசேரத் தோற்றன. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. 2025 பெப்ரவரி 9 முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றபோது, பாணந்துறை உபமின் நிலையத்தில் புகுந்த ஒரு குரங்கே காரணம் என்றார் மின்சக்தி அமைச்சர். பற்றரி இல்லாத எந்தக் கணினியும் குரங்குக்குச் சமதூரத்தில் இருக்கிறது. அன்று மடிக்கணினிக்காரர் மட்டும் இரு தரப்பையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு வேலை செய்தார்.

5. முடிபும் மேலதிக ஆய்வும்

கருதுகோள் தேறியது. வீட்டில் மின்னஞ்சல், வகுப்பு, வெளிநாட்டு அழைப்பு என்ற அளவில் ஆறேழு வருடம் ஓடினால் போதும் என்பவருக்கு வெள்ளவத்தை சொல்வதே சரி. கடைக்காரருக்குக் கொட்டாஞ்சேனை. வாங்கத் துணிந்தவர் கடையில் கேட்க வேண்டியவை மூன்று: ரெம்மைப் பிறகு கூட்டலாமா, சேமிப்பகத்தை மாற்றலாமா, வேறு கணினியைச் செருக உட்புகும் எச்.டி.எம்.ஐ. இருக்கிறதா? மூன்றாவதைக் கேட்கும்போது விற்பனையாளர் வெளிச்செல்லும் துளையைக் காட்டுவார், ஏமாறக்கூடாது.

இரண்டுக்கும் நடுவே மூன்றாம் பள்ளி ஒன்றும் முளைத்திருக்கிறது: நல்ல மொனிட்டரைத் தனியாக வாங்கி, உள்ளங்கை அகலக் குட்டிக் கணினியை அதன் முதுகில் பூட்டுவது. இடமும் மிச்சம், பிரிக்கவும் முடியும். 2024 இன் மக் மினி 12.7 சென்ரிமீற்றர் சதுரம். மேசையிலேயே வைத்தாலும் தேத்தண்ணிக் கோப்பைக்கு இடம் விடும். ஆனால் அதன் பவர் பொத்தானை அடிப்பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். போடுவதென்றால் பெட்டியின் ஒரு மூலையைத் தூக்கித் தடவ வேண்டும். அதைக் கவிழ்த்தே வைத்துவிடலாமா என்று கொட்டாஞ்சேனையும், அணைக்காமலே விட்டுவிடலாமா என்று வெள்ளவத்தையும் இப்போது ஆராய்ந்துகொண்டிருக்கின்றன.