ஒற்றைத் துளையும் பல செருகிகளும்: டாக் தேர்வு பற்றிய ஒரு சம்பிரதாய விசாரணை

மடிக்கணினியின் ஒரே துளையில் தன் வாலைச் செருகி, திரை, பிரிண்டர், விசைப்பலகை, வலைக்கம்பி அனைத்தையும் முதுகில் ஏற்றுக்கொள்ளும் பெட்டி டாக் எனப்படும். அதன் சிறிய, மலிவான வடிவத்தைக் கடைவீதி ஹப் என்கிறது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிக்கு விலாவில் துளைகள் போதிய அளவில் இருந்தமையால் அன்று இவ்விசாரணைக்கு முகாந்திரம் எழவில்லை. 2014இல் டைப் சி இலக்கணம் வகுக்கப்பட்டு, மறு ஆண்டே ஆப்பிளின் மேக்புக், இயர்போன் துளை நீங்கலாக ஒரே துளையோடு வெளிவந்த பின்னரே சிக்கல் முற்றியது.

அச்சிக்கலின் தென்னெல்லையை அறிய இராஜபாளையத்து ஆடிட்டர் அலுவலகம் ஒன்றைக் கருதலாம். சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக் கம்பெனிகளின் ஜிஎஸ்டி கணக்கில் கையொப்பமிட உதவும் டிஜிட்டல் கையொப்ப டோக்கன், பிரிண்டர், இரண்டாம் திரை என யாவும் அங்கு ஒரே துளைக்குப் போட்டியிடுகின்றன. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவை விற்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடையின் பில் மேசையிலும் நிலைமை அதுவே. இரண்டு ஊர்களிலும் வாங்குவோர் முதலில் கேட்பது டாக்கில் எத்தனை போர்ட் என்பதையே. ஆனால் கேட்க வேண்டியது மடிக்கணினியின் துளை எதைக் கடத்தும் என்பதை.

ஏனெனில் டைப் சி துளைகள் உருவத்தில் ஒன்றாயினும் குணத்தில் வேறு. தரவை மட்டும் கடத்தும் துளையில் எவ்வளவு விலையுயர்ந்த டாக்கைச் செருகினும் வெளித்திரை இருண்டே கிடக்கும். படத்தை மென்பொருளால் சுருக்கி அனுப்பும் டிஸ்ப்ளேலிங்க் வகை மட்டுமே இதற்கு விலக்கு. தண்டர்போல்ட் 3 துளை நொடிக்கு 40 கிகாபிட் கடத்த, சாதாரண யுஎஸ்பி 3.0 கடத்துவது 5 மட்டுமே. டோக்கனுக்கு இதில் ஒரு துளியும் பெரிது. திரைக்கோ எவ்வளவும் போதாது. மலிவான ஹப்புகள் பல 4கே திரையை நொடிக்கு 30 முறை மட்டுமே புதுப்பிப்பதால் சுட்டி தத்தித் தத்தி நகர்வதும், பழி மடிக்கணினியின் மேல் விழுவதும் உலக வழக்கு.

இனி மின்சாரம். சரணாகதியை விளக்க வைணவ ஆசாரியர்கள் இரு நியாயங்களைக் கையாண்டனர்: தாயைக் குட்டி பற்றிக்கொள்ளும் குரங்கு நியாயம், குட்டியைத் தாய் கவ்விச் செல்லும் பூனை நியாயம். தனி மின்சாரமின்றி மடிக்கணினியைப் பற்றித் தொங்கும் ஹப் முன்னதைச் சாரும். சுவரிலிருந்து மின்சாரம் பெற்று, தன் செலவு போக எஞ்சியதை மடிக்கணினிக்கு ஊட்டும் டாக் பின்னதைச் சாரும். (நாய்க்குப் பெயர்பெற்ற இராஜபாளையத்தில் பூனையின் பெருமை எடுபடுமா என்பது தனி ஆய்வுக்குரியது.) வெளி ஹார்ட் டிஸ்க்குகளும் பல கருவிகளும் சேருமிடத்தில் பூனை நியாயமே மேலானது, மடிக்கணினிக்கு 65 வாட் தேவையெனில் டாக் அதற்குக் குறையாமல் ஊட்டவல்லதா என்பதை மட்டும் பெட்டியின் மேல் படித்துக்கொள்ள வேண்டும்.

ஆயினும் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் நியாயங்கள் தலைகீழாகும். சுவர் மின்சாரத்தை நம்பிய டாக் மூர்ச்சையாக, அதில் செருகிய டோக்கனும் உடன் மறைய, மடிக்கணினியின் பேட்டரியைப் பற்றிய ஹப்போ தொடர்ந்து உழைக்கும். ஜிஎஸ்டிஆர் 3பி தாக்கல் செய்யும் 20ஆம் தேதியன்று அத்தடை வருமாயின், பூனை நியாயத்தைப் பின்பற்றும் ஆடிட்டர் டாக்கின் பிளக்கையும் இன்வெர்ட்டர் லைனில் சேர்ப்பதே, அல்லது மேசை அறையில் குரங்கு நியாய ஹப் ஒன்றை வைத்திருப்பதே முறை.