முன்னால் பதினேழு, பின்னால் பதினெட்டு

மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் தெருவுக்கு ஒருவராவது இப்படி இருப்பார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சில வருஷம் ஆகியிருக்கும். கராஜில் 1969 ஷெவர்லே கமாரோ ஒன்று இருக்கும். சக்கரம் நாலும் கழற்றப்பட்டு, இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் அந்தரத்தில் நிற்கும். "புது வீல் வரப்போகிறது" என்பார். போன வருஷம் கேட்டவர்களுக்கும் அதே பதில்தான்.

முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே அளவில் உள்ள மசில் காரைப் பார்த்தால் இவருக்கு மனசு தாங்காது. 1964-இல் பான்டியாக் நிறுவனம் டெம்பெஸ்ட் என்ற நடுத்தரக் காருக்குள் 389 கன அங்குல வி-8 எஞ்சினைத் திணித்து, ஜிடிஓ என்று பெயர் சூட்டியது. மசில் கார் யுகமே அதிலிருந்துதான் என்பவர்கள் அதிகம். அதற்கும் சக்கரம் நாலும் 14 அங்குலம்தான். எஞ்சினுக்கு அத்தனை மூளையைச் செலவழித்தவர்கள் சக்கரத்தில் கோட்டை விட்டுவிட்டார்களே என்று நம் ஆசாமி இன்றைக்கும் அங்கலாய்ப்பார். அந்தக் குறையைத் தீர்க்கத் தாம் ஒருவர் பிறந்திருக்கிறோமே என்ற திருப்தியும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஏன் முன்னால் சின்னது, பின்னால் பெரிது என்று கேட்டுவிட்டால் போச்சு. கையில் இருக்கும் காபி ஆறி அவலாகும்வரை விளக்கம் வரும். விளக்கத்தில் தப்பில்லை. இந்தக் கார்களில் எஞ்சின் முன்னால் இருந்தாலும் காரைத் தள்ளுவது பின்சக்கரம்தான். ஆக்சிலேட்டரை அழுத்தியதும் மூக்கு தூக்கும், பாரம் பின்னால் சாயும். அந்த நேரத்தில் பின் டயர் அகலமாக இருந்தால் தரையைக் கவ்வும். ஒல்லியாக இருந்தால் நின்ற இடத்திலேயே சுழன்று புகையைக் கக்கும். முன் டயருக்கு அந்த வேலை கிடையாது. அது ஒல்லியாக இருந்தால் எடையும் குறைவு, உராய்வும் குறைவு. கால் மைல் டிராக் பந்தயக்காரர்கள் வெகு காலமாகக் கடைப்பிடிக்கும் முறை இது. எல்லாம் சரி, இவருடைய கார் போகிற தூரம் ஐஸ்கிரீம் கடைவரை. வழியில் இரண்டு சிக்னல், ஒரு பள்ளிக்கூடம்.

உண்மைக் காரணம் வேறு. மூக்கு தாழ்ந்து, பின்புறம் எடுப்பாக இருக்க வேண்டும்; நிற்கும்போதே பாயப்போகிற தோரணை வேண்டும். 1970-களில், காற்றடிக்கும் ஷாக் அப்சார்பர் போட்டுப் பின்பக்கத்தை வானத்துக்குத் தூக்கியவர்கள் ஏராளம். அந்தக் கூட்டத்தில் இவரும் உண்டு. "டிராக்டர் மாதிரி இருக்கு" என்று ஒருநாள் மனைவி சொல்லிவிட்டார். அன்று இரவு இவர் சாப்பிடவில்லை. டிராக்டருக்குப் பின்னால் பெரிய சக்கரம் வைத்திருப்பதும் பிடிமானத்துக்காகத்தான். அந்த அம்மாள் சொன்னதில் எனக்கொன்றும் குற்றம் தெரியவில்லை.

சக்கரம் தேர்ந்தெடுக்கும் படலம் தொடங்கினால் சாப்பாட்டு மேஜை அவர் வசமாகிவிடும். ரிம்மை முகம் குப்புறக் கவிழ்த்து, அதன் முதுகில் நேர்க்கட்டை ஒன்றைக் குறுக்கே வைத்து, அங்கிருந்து ஹப்பில் உட்காரும் பரப்புவரை டேப்பை இறக்கி அளப்பார். பேக்ஸ்பேசிங் என்பது இந்த அளவுதான். அரை அங்குலம் கூடினால் பின் டயர் உள்ளே போய் லீஃப் ஸ்பிரிங்கை உரசும். அரை அங்குலம் குறைந்தால் வெளியே வந்து மட்கார்டு விளிம்பில் மாட்டும். அடுத்து, பேத்தியின் விளையாட்டுக் களிமண் கராஜுக்குப் போகும். முன் மட்கார்டுக்குள் அதை உருண்டை உருண்டையாக ஒட்டி, ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்புவார். எந்த உருண்டை நசுங்கியிருக்கிறதோ அங்கே இடம் போதவில்லை. பேத்தி வாசலில் நின்று அழுதுகொண்டிருப்பாள்.

அப்படியும் பின் டயர் உரசினால் கடைசி அஸ்திரம் பேஸ்பால் மட்டை. டயருக்கும் மட்கார்டு விளிம்புக்கும் நடுவே மட்டையைச் செருகிக் காரை மெள்ள உருட்டினால், விளிம்பு உள்பக்கமாக மடியும். கூடவே பெயிண்டும் விரிசல் விடலாம். பெயிண்டைப் பற்றிப் பேச்செடுக்காமல் இருப்பது நட்புக்கு நல்லது. ஒருமுறை நண்பர் ஒருவர் பழைய ஃபோர்டு ரிம்களைச் சும்மாவே தருவதாகச் சொன்னார். ஃபோர்டில் ரிம்மை மாட்டும் ஐந்து போல்ட்டும் 4.5 அங்குல வட்டத்தில், ஷெவர்லேயில் 4.75. கால் அங்குலத்தில் காரியம் கெட்டது.

கார் கண்காட்சிக்குப் போனால் மூன்று கட்சி. ஃபாக்டரி ரிம்மைத் தவிர மற்றதெல்லாம் பாவம் என்பது முதல் கட்சி. ரிம்மில் பொறித்த தேதிகூடக் காரின் தேதியோடு ஒத்துப்போக வேண்டும் அவர்களுக்கு. முன்னால் விட்டம் 15-க்கு அகலம் 7 அங்குலம், பின்னால் 15-க்கு 8, வெள்ளை எழுத்து டயர் என்பது இரண்டாவது. பெரிய டிஸ்க் பிரேக் மாட்டிவிட்டு, அது 15 அங்குல ரிம்முக்குள் அடங்காததால் 17, 18 என்று ஏறியவர்கள் மூன்றாவது. நம் ஆசாமி காலையில் இரண்டாவது கட்சி, மதியம் மூன்றாவது. முதல் கட்சிக்காரர் எதிரே வந்தால் மட்டும், ஃபாக்டரி ரிம் நாலும் வீட்டில் பத்திரமாக இருப்பதாகச் சொல்லிவைப்பார்.

26 அங்குல உயர டயர் இருந்த இடத்தில் 28 அங்குலத்தை மாட்டியதும் வேறொரு வம்பு. ஸ்பீடோமீட்டர் 60 மைல் காட்டும்போது கார் 64-ஐத் தாண்டியிருக்கும். பின் ஆக்சிலில் உள்ள 3.73 கியர் 3.46 போலத்தான் வேலை செய்யும். சீறிக் கிளம்பவேண்டும் என்று மாட்டிய சக்கரமே கிளம்பும் வேகத்தைக் குறைத்துவிடும். பரிகாரம் 4.10 கியர். அதை மாட்டினால் நெடுஞ்சாலையில் எஞ்சின் அலறும். அலறலை அடக்க ஓவர்டிரைவ் உள்ள புது கியர்பாக்ஸ். முன் டயரையும் பின் டயரையும் இடம் மாற்றிப்போட்டுத் தேய்மானத்தைச் சமன் செய்யும் சிக்கனமும் போச்சு, அளவு வேறாயிற்றே.

2013-இல் ஷெல்பி ஜிடி500 மஸ்டாங்கை ஃபோர்டே முன்னால் 19, பின்னால் 20 அங்குல ரிம்மோடு விற்றபோது இவருக்குத் தலைகால் புரியவில்லை. எதிராளிக் கம்பெனி என்பதையும் மறந்து பாராட்டினார். "1964-லிருந்து புத்தி வர 49 வருஷம் ஆகியிருக்கிறது" என்றார்.

1995-இல் தொடங்கிய உட்வர்ட் ட்ரீம் குரூஸ் என்ற கார் ஊர்வலம் டெட்ராய்ட் பக்கம் வருஷாவருஷம் ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை நடக்கும். பழைய கார்கள் சாலையை அடைத்துக்கொண்டு ஆமை வேகத்தில் நகரும். அந்த வேகத்தில் எந்த டயருக்கும் பிடிமானம் போதாமல் போவதில்லை. முன்னால் 17, பின்னால் 18 என்று ஒருவழியாக முடிவுசெய்த நம் ஆசாமியும் அதில் இருப்பார். அந்தப் பக்கம் போக நேர்ந்தால் எஞ்சினைப் பற்றிக் கேளுங்கள், சீட்டுத் துணியைப் பற்றிக்கூடக் கேளுங்கள். சக்கரத்தைப் பற்றிக் கேட்டே தீருவதென்றால் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.